பழைய சாவியைச் செல்லாததாக்கும் இன்னொரு சாவி: அர்தேஷிர் கோத்ரெஜ் ஏன் அப்படி ஒரு பூட்டைச் செய்தார்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம். உங்கள் ஆபீஸில் அட்மின் வேலை பார்ப்பவர் டாக்ஸியில் சாவிக்கொத்தை விட்டுவிட்டு இறங்கிவிட்டார். தொலைந்தது ஆக்சஸ் கார்டு என்றால் பெரிய கவலை இல்லை. ஐ.டி. டீமுக்கு ஒரு மெயில் போட்டால் போதும், சில நிமிஷத்தில் கார்டு முடங்கிவிடும். ஆனால் தொலைந்தது உலோகச் சாவி. சர்வர் அறை, எலெக்ட்ரிக்கல் அறை, பழைய ஃபைல்கள் அடுக்கிய ஸ்டோர் ரூம், எல்லாவற்றின் சாவியும் அந்தக் கொத்தில்தான். அந்தச் சாவியை மெயில் போட்டு முடக்க முடியாது. அது எங்கோ, யார் கையிலோ, இன்னமும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

என்ன பண்ணுவீங்க? எல்லாப் பூட்டையும் கழற்றி மாற்றலாம். ஆள் வர வேண்டும், கதவுக்குக் கதவு ஸ்க்ரூ கழற்ற வேண்டும், திங்கட்கிழமை வரைக்கும் காவலுக்கு ஒருவரை உட்கார வைக்க வேண்டும். செலவைப் பார்த்தால் ஃபைனான்ஸ் டீம் முகம் சுளிக்கும்.

பெரிய கட்டடங்களில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் கன்ட்ரோல் கீ. பூட்டைத் திறப்பது அதன் வேலை இல்லை. பூட்டின் உயிர்நாடியான பகுதியை அப்படியே வெளியே உருவி எடுப்பதுதான் வேலை.

இந்தச் சாவியின் கதையைத் தேடினால் பொதுவாக அமெரிக்காவில் போய் நிற்போம். சியாட்டிலைச் சேர்ந்த ஃபிராங்க் பெஸ்ட் என்பவர் 1920களில் இதைத் தொழிலாக்கினார். ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, வேறு வடிவத்தில், இதே பிரச்னையைக் கையில் எடுத்த ஒருவர் பம்பாயில் இருந்தார். அவருடைய பெயர் உங்கள் வீட்டு பீரோவிலேயே இருக்கலாம். அர்தேஷிர் கோத்ரெஜ்.

பொய் சொல்ல வராத வக்கீல்

அர்தேஷிர் பிறந்தது 1868இல், பம்பாயின் வசதியான பார்சி குடும்பத்தில். அப்பா புர்ஜோர்ஜி, தாத்தா சோராப்ஜி இருவரும் நிலம், கட்டடம் வாங்கி விற்கும் தொழிலில் இருந்தவர்கள். கோத்ரெஜ் என்ற குடும்பப் பெயரே அர்தேஷிர் சின்னப் பையனாக இருந்தபோதுதான் வந்தது; அதுவரை அவர்கள் கூத்தராஜி. ஆறு பிள்ளைகளில் இவர் மூத்தவர்.

1890இல் பச்சுபாயைத் திருமணம் செய்தார். ஒரு வருஷம்கூட நிம்மதியாகப் போகவில்லை. 1891 ஏப்ரல் 25 அன்று, பம்பாய் பல்கலைக்கழகத்தின் ராஜாபாய் கோபுரத்துக்குப் போன பச்சுபாயும் அவருடைய உறவுக்காரப் பெண்ணும் அங்கிருந்து விழுந்து இறந்தார்கள். தாக்க வந்தவர்களிடமிருந்து தப்பக் குதித்தார்களா, வேறு என்ன நடந்தது என்று அந்த ஊரே பல மாதங்கள் பேசியது. வழக்கு நடந்தும் தெளிவான விடை கிடைக்கவில்லை. அர்தேஷிருக்கு அப்போது 23 வயது. அதன்பிறகு அவர் மறுமணம் செய்துகொள்ளவே இல்லை.

பூட்டுக்கும் இந்த மரணத்துக்கும் முடிச்சுப் போட்டுச் சிலர் எழுதுவார்கள். எனக்கு அது கொஞ்சம் ஓவராகத் தெரிகிறது. ஆனால் பின்னாளில் அவர் நடந்துகொண்ட விதத்தில் ஒரு பிடிவாதம் தொடர்ந்து தெரியும்: உறுதியாகத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் சொல்ல மாட்டார்.

அந்தப் பிடிவாதம் முதலில் அவருடைய வக்கீல் தொழிலைக் காலி செய்தது. சட்டம் படித்து முடித்த கையோடு, 1894இல், ஒரு வழக்குக்காகக் கிழக்கு ஆப்பிரிக்காவின் சான்சிபாருக்கு அனுப்பப்பட்டார். ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகத்தான் போனது. நடுவில், கட்சிக்காரர் தரப்பில் தான் வாதாட வேண்டிய விஷயம் உண்மைதானா என்ற சந்தேகம் வந்துவிட்டது. உண்மை என்று நிச்சயமாகத் தெரியாததைக் கோர்ட்டில் சொல்ல முடியாது என்று நின்றுவிட்டார். கட்சிக்காரர் வேறு வக்கீலைத் தேடிக்கொண்டார். அர்தேஷிர் பம்பாய்க்குக் கப்பலேறினார். அத்தோடு வக்கீல் அங்கிக்கு முழுக்கு.

ஏறக்குறைய அதே காலத்தில், 1893இல், இன்னொரு இளம் பாரிஸ்டர் பம்பாயிலிருந்து ஒரு வழக்குக்காகத் தென்னாப்பிரிக்காவுக்குப் போயிருந்தார். அவர் காந்தி. இரண்டு பேரின் பாதையும் பிறகு ஒருமுறை வந்து சந்திக்கும்.

முதல் பிசினஸ் தோற்றது முத்திரையால்

ஊருக்கு வந்தவர் ஒரு மருந்துக் கடையில் உதவியாளராகச் சேர்ந்தார். அங்கே அறுவைசிகிச்சைக் கருவிகளைப் பார்த்ததும் ஆசை வந்தது. கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாமே கப்பலில் வருகின்றன. நாமே செய்தால் என்ன? மூலதனம் வேண்டுமே. அப்பாவிடம் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். ஆனால் அப்பா தருவது கடனாக இருக்காது, அன்பளிப்பாகிவிடும். அது இவருக்கு வேண்டாம். குடும்ப நண்பர் மெர்வான்ஜி காமாவிடம் 3,000 ரூபாய் கடன் வாங்கினார்.

கருவிகள் நன்றாகவே வந்தன. மருந்துக் கடைக்காரருக்கும் திருப்தி. சிக்கல் ஒரே ஒரு இடத்தில்: கருவியின் மேல் இந்தியாவில் செய்தது என்று பொறிக்க வேண்டும் என்றார் அர்தேஷிர். அப்படிப் பொறித்தால் ஒருத்தரும் வாங்க மாட்டார்கள் என்றார் கடைக்காரர். இருவரும் இறங்கி வரவில்லை. தொழில் மூடப்பட்டது, கடன் மட்டும் மிஞ்சியது.

இந்த இடத்தில் ஸ்டார்ட்அப் நடத்தும் நண்பர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். முத்திரையை அப்புறம் குத்திக்கொள்ளலாம், முதலில் ஆர்டரை வாங்கியிருக்கலாமே! வாங்கியிருக்கலாம்தான். அவர் வாங்கவில்லை.

பூட்டு எங்கே வந்தது?

ஒரு நாள் பேப்பரில் பம்பாயில் திருட்டு பெருகுவதாகச் செய்தி. வீட்டையும் கடையையும் நன்றாகப் பூட்டிக்கொள்ளுங்கள் என்று போலீஸ் கமிஷனர் எச்சரித்திருந்தார். எதை வைத்துப் பூட்டுவது? அப்போது கடைகளில் கிடைத்த உள்ளூர்ப் பூட்டுகள் கையால் செய்தவை. ஒரு பூட்டின் சாவி பக்கத்துக் கடைப் பூட்டையும் திறந்துவிடும். நல்ல பூட்டு என்றால் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும்.

மறுபடியும் காமாவிடம் போனார். முதல் கடனே நிலுவையில் இருக்க, அவரும் மறுபடியும் கொடுத்தார். 1897 மே 7 அன்று, லால்பாகில் பம்பாய் கேஸ் கம்பெனிக்குப் பக்கத்தில், 215 சதுர அடி கொட்டகையில் வேலை தொடங்கியது. உங்கள் ஆபீஸில் ஒரு சின்ன மீட்டிங் ரூம் அளவுதான்.

முதலில் வந்தது 'ஆங்கர்' என்ற பெயரில் ஒரு பூட்டு. இதைக் கள்ளச்சாவியால் திறக்க முடியாது, இதன் சாவி வேறு எந்தப் பூட்டிலும் சேராது என்று உத்தரவாதம் கொடுத்து விற்றார். கோர்ட்டில் நிச்சயமில்லாத ஒன்றைச் சொல்ல மறுத்தவர் உத்தரவாதம் தருகிறார் என்றால், சோதித்துப் பார்க்காமல் தந்திருக்க மாட்டார் என்று நம்பலாம்.

கடனைத் திருப்பித் தரப் போனபோது காமா மரணப் படுக்கையில் இருந்தார். பணத்தை வாங்க மறுத்துவிட்டார். தன் உறவுக்காரப் பையன் பாய்ஸை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பாய்ஸ் பார்ட்னரானார், கொஞ்ச காலத்தில் விலகியும் விட்டார். பெயர் மட்டும் இன்றுவரை 'கோத்ரெஜ் அண்ட் பாய்ஸ்' என்று தொடர்கிறது. தராமல் விட்ட கடனுக்கு இப்படி ஒரு ரசீது.

இரண்டு சாவி, இரண்டு அதிகாரம்

இனிதான் நம் வெள்ளிக்கிழமைப் பிரச்னைக்கு வருகிறோம்.

பூட்டு செய்பவர்கள் பொதுவாகத் திருடனை நினைத்துத்தான் செய்வார்கள். அவன் வெளியாள், கையில் சாவி இல்லாதவன், கம்பியை விட்டு நெம்புவான். ஆனால் வீட்டிலும் கடையிலும் பெரும்பாலும் சிக்கல் வருவது சாவி உள்ளவர்களிடமிருந்துதான். வேலையை விட்டுப் போன கணக்குப்பிள்ளை, சாவியைக் கடன் வாங்கி நகல் எடுத்த பங்காளி, அல்லது சும்மா தொலைத்துவிட்ட நீங்கள். இவர்களுக்கு எதிராக எவ்வளவு கனமான பூட்டும் ஒன்றும் செய்யாது. சரியான சாவி வந்தால் திறப்பதுதானே அதன் தர்மம்?

அர்தேஷிரின் 'கார்டியன்' பூட்டு இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. அதற்கு இரண்டு சாவி. இரண்டுமே பூட்டும், இரண்டுமே திறக்கும். ஆனால் அதில் ஒன்றுக்குக் கூடுதலாக ஒரு சக்தி உண்டு: அதை வைத்துப் பூட்டின் உள் அமைப்பையே மாற்றிவிடலாம். மாற்றிவிட்டால், அந்த நொடியிலிருந்து மற்ற சாவி வெறும் உலோகத் துண்டு. முதலாளி ஒரு சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு மற்றதைக் குமாஸ்தாவிடம் தரலாம். சண்டை வந்தால் பூட்டுக்காரனைக் கூப்பிட வேண்டாம், பூட்டை உடைக்க வேண்டாம்.

அதாவது, பயன்படுத்தும் உரிமை வேறு, அந்த உரிமையைக் கொடுக்கவும் பறிக்கவும் உள்ள அதிகாரம் வேறு. சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்களுக்கு யூசர், அட்மின் என்றால் உடனே புரியும். கம்ப்யூட்டரே இல்லாத காலத்தில் ஒருவர் அதை இரும்பிலும் பித்தளையிலும் பிரித்து வைத்தார்.

இன்னொன்று 'டிடெக்டர்' பூட்டு. தப்பான சாவியை யாராவது நுழைத்துத் திருகினால் உள்ளே ஒரு போல்ட் விழுந்து மாட்டிக்கொள்ளும். அடுத்து உரிமையாளர் வந்து திறக்கப் போனால், உடனே திறக்காது. சரியான சாவியால் அதை முதலில் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று பூட்டே காட்டிக்கொடுத்துவிடும். இந்த யோசனை அவருக்கு முன்பே உண்டு. இங்கிலாந்தில் ஜெரமையா சப் 1818இலேயே இப்படி ஒன்றைச் செய்திருந்தார். அர்தேஷிர் தன் பாணியில் அதைச் செய்தார். லாகின் முயற்சி தோல்வி என்று உங்களுக்கு வரும் அலெர்ட்டின் தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லீவர் பூட்டுக்குள் இருக்கும் ஸ்பிரிங்குகள் நாளாக நாளாகத் தளர்ந்துபோகும். அதனால் ஸ்பிரிங்கே இல்லாத பூட்டு ஒன்றையும் செய்து காப்புரிமை பெற்றார். தம்பி பிரோஜ்ஷா கூடச் சேர்ந்தார். 1902இல் பெட்டகங்கள் சந்தைக்கு வந்தன. தீயில் வேகாத, திருடனால் துளைக்க முடியாத பெட்டகம் என்பது தனிக் கதை, இங்கே வேண்டாம்.

கன்ட்ரோல் கீ எப்படி வேலை செய்கிறது?

அமெரிக்காவில் பெஸ்ட் பிடித்த வழி வேறு. பூட்டின் உள் அமைப்பை அங்கேயே மாற்றுவதற்குப் பதில், உள் அமைப்பைத் தனியாகக் கழற்றி எடுத்துவிட்டால் என்ன? கார்டியனைப் பார்த்து அவர் இதைச் செய்தார் என்று சொல்வதற்கில்லை. ஒரே தலைவலிக்கு இரண்டு ஊரில் இரண்டு வைத்தியம்.

சாவி நுழையும் பகுதியை 'கோர்' என்கிறார்கள். முன்னால் இருந்து பார்த்தால் எட்டு என்ற எண் மாதிரி இருக்கும். கோருக்குள் வரிசையாக ஆறு, ஏழு சின்னக் குழிகள்; ஒவ்வொன்றிலும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சில பின்கள், மேலே ஒரு ஸ்பிரிங். சாவியின் பல் பின்களை மேலே தள்ளும். பின்களுக்கு இடையே உள்ள வெட்டு எல்லாக் குழியிலும் ஒரே கோட்டில் வந்தால்தான் உள்ளே இருக்கும் உருளை சுற்றும். இதுவரை சாதாரண சிலிண்டர் பூட்டுதான்.

விஷயம் என்னவென்றால், இந்தக் கோரில் அப்படிப்பட்ட கோடுகள் இரண்டு. உள்கோட்டில் வெட்டுகள் வந்து நின்றால் உருளை மட்டும் சுற்றும், கதவு திறக்கும். உங்கள் சாவி செய்வது அதைத்தான். கன்ட்ரோல் கீயின் பற்கள் வேறு உயரம். அது வெட்டுகளை வெளிக்கோட்டில் கொண்டுபோய் நிறுத்தும். அப்போது உருளையோடு சேர்ந்து அதைச் சுற்றியிருக்கும் ஒரு உறையும் நகரும். அந்த உறையில் ஒரு சின்னப் பிடிப்பு நீட்டிக்கொண்டிருக்கும். கோரைக் கதவோடு மாட்டி வைத்திருப்பதே அதுதான். சாவியைச் சுமார் 15 டிகிரி திருப்பினால் பிடிப்பு உள்ளே போய்விடும். சாவியோடு இழுத்தால் கோர் மொத்தமாகக் கையோடு வரும். வேறு கோரை உள்ளே தள்ளி, திருப்பி, கன்ட்ரோல் கீயை உருவிவிட்டால் வேலை முடிந்தது. ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். கதவுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.

ஆக, டாக்ஸியில் போன சாவிக்கொத்து இனி எந்தக் கதவையும் திறக்காது. கழற்றிய கோர்களுக்கு மெதுவாக, மேஜையில் வைத்து, வேறு பின் அடுக்கிக்கொள்ளலாம்.

இதை மாஸ்டர் கீயோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். மாஸ்டர் கீ பல கதவுகளைத் திறக்கும், அவ்வளவுதான். கன்ட்ரோல் கீ கதவைத் திறக்கும் உரிமையையே தூக்கிக்கொண்டு போய்விடும். பொதுவாக ஒரு கட்டடத்தின் எல்லாக் கோர்களுக்கும் ஒரே கன்ட்ரோல் கீ வைப்பார்கள், வசதிக்காக. அதனால்தான் பயமும். அந்தச் சாவி கையில் இருப்பவர் ராத்திரி ஒரு கோரைக் கழற்றி, தனக்குத் தெரிந்த கோரைப் போட்டு, காலையில் பழையதை மாட்டிவிட்டால் உடைத்த தடயமே இருக்காது. இன்னொரு ஆபத்தும் உண்டு. அதிகம் யாரும் பார்க்காத ஒரு கதவிலிருந்து ஒரே ஒரு கோர் திருடு போனாலும் போதும். அதைப் பிரித்து, பின்களின் உயரத்தை அளந்து, மாஸ்டர் கீ, கன்ட்ரோல் கீ இரண்டின் வெட்டுகளையும் கணக்குப் போட்டு எடுக்கலாம்.

2003இல் மேட் பிளேஸ் என்ற கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் இதைவிடச் சங்கடமான ஒன்றைக் காட்டினார். பூட்டைக் கழற்றக்கூட வேண்டாம். மாஸ்டர் கீ முறையில் உள்ள ஒரு சாதாரண ஊழியரின் சாவி, அந்தச் சாவிக்கான கதவு, வெட்டாத சில வெற்றுச் சாவிகள், இவை போதும். கொஞ்சம் கொஞ்சமாக ராவிச் சோதித்தே மாஸ்டர் கீயைக் கண்டுபிடித்துவிடலாம் என்று எழுதினார். பூட்டுத் தொழிலில் இருந்தவர்களுக்கு ஏகப்பட்ட கோபம். எங்களுக்கெல்லாம் எப்போதோ தெரியுமே, ஏன் வெளியே சொன்னாய் என்பதுதான் பலருடைய கோபமே. கார்டு, ஆப் என்று எல்லாம் வந்தபிறகும் பல கட்டடங்களில் கார்டு ரீடர் பழுதானால் திறப்பதற்கு ஓரமாய் ஒரு உலோகப் பூட்டு இருக்கத்தான் செய்கிறது. அதன் கன்ட்ரோல் கீ யாரிடம், கையெழுத்துப் போட்டு வாங்கும் நோட்டு எங்கே என்று உங்கள் ஆபீஸில் கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் யாரோ ஒருவருடைய டிராயரில் இருக்கும்.

கார்டியன் பூட்டிலும் இதே ஓட்டை உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும். சக்தி உள்ள சாவியைக் குமாஸ்தா திருடிவிட்டால், செல்லாமல் போவது முதலாளியின் சாவி. அர்தேஷிர் அதிகாரத்தைப் பிரித்தார். அதைப் பத்திரமாக வைத்துக்கொள்வது வாங்கியவர் பொறுப்பு.

சோப்பும் சுயராஜ்யமும், பிறகு நாசிக்

1918இல் கோத்ரெஜ் சோப்புத் தொழிலுக்கு வந்தது. அந்தக் காலத்தில் சோப்பு என்றால் விலங்குக் கொழுப்பு. அர்தேஷிர் தாவர எண்ணெயில் செய்தார். முதல் சோப்பின் பெயர் 'சாவி'. நம்முடைய அதே சாவிதான். போர்ச்சுகீசியர்கள் கொண்டுவந்த சொல் தமிழிலும் ஒட்டிக்கொண்டது, இந்தியிலும் ஒட்டிக்கொண்டது. திறவுகோல் இலக்கியத்துக்குப் போய்விட்டது.

சுதேசி இயக்கம் சூடாக இருந்த நாட்கள் அவை. 1921இல் திலகர் சுயராஜ்ய நிதிக்கு 3 லட்சம் ரூபாய் கொடுத்தார். காந்தியின் பாதையும் இவருடையதும் சந்தித்தது இங்கேதான். அன்றைய கணக்கில் மலைக்க வைக்கும் தொகை. ஆனால் சுதேசி என்பதற்காக மட்டமான பொருளை மக்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்ற பேச்சு அவருக்குப் பிடிக்கவில்லை. உள்ளூர்ப் பொருள் வெளிநாட்டுப் பொருளை விட நன்றாக இருக்க வேண்டும், அதனால் வாங்க வேண்டும். அறுவைசிகிச்சைக் கத்தியில் முத்திரை குத்த வேண்டும் என்று நின்ற அதே ஆள்தான், முத்திரைக்காக மட்டும் வாங்காதே என்றும் நின்றார்.

1928இல் கம்பெனியைத் தம்பி பிரோஜ்ஷாவிடம் ஒப்படைத்துவிட்டு நாசிக்குக் கிளம்பினார், விவசாயம் பார்க்க. அவருக்கு அப்போது 60 வயது. பிள்ளைகள் கிடையாது. பூட்டு, பெட்டகம், சோப்பு என்று எல்லாம் ஓடிக்கொண்டிருந்த நேரம். மண்ணில் அவருக்குப் பெரிதாக ஒன்றும் கைகூடவில்லை. 1936 ஜனவரியில் இறந்தார்.

1943இல் பிரோஜ்ஷா விக்ரோலியில் நிலம் வாங்கினார். நாட்டின் முதல் பொதுத்தேர்தலுக்கு, 1951-52இல், லட்சக்கணக்கான இரும்பு வாக்குப்பெட்டிகள் அங்கேயிருந்துதான் போயின. பெட்டிக்கு வெளியே தனிப் பூட்டுப் போட்டால் விலை கட்டுப்படியாகாது. அதனால் பெட்டியை உள்ளிருந்தே பூட்டிக்கொள்ளும்படி செய்துவிட்டார்கள்.